பஞ்சு போல் ஒட்டியிருக்கிறதே, அது என்ன? – மாடித்தோட்டப் பதிவுகள் எழுதிக் கற்றவை

என் மாடித்தோட்ட வலைப்பதிவுக்கு அதிகம் பேரை அழைத்துவந்தது, நான் மாதக்கணக்கில் உழைத்து எழுதிய நகர்ப்புற வேளாண்மைத் தொடர் அல்ல. செம்பருத்தித் தண்டில் பஞ்சு போல் வெள்ளையாக ஒட்டியிருப்பது என்ன என்று சொல்லும் சிறிய பதிவு ஒன்றுதான். அதில் மொழி நயம் என்று எதுவும் கிடையாது. "அது மாவுப்பூச்சி. செடியைப் பிடுங்க வேண்டாம். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்" என்று தொடங்கும். தொடரும் இன்றுவரை அங்கேயே இருக்கிறது. நானும் என் தம்பியும் அதை முழுதாகப் படித்திருக்கிறோம்.

அந்தச் சிறு பதிவைத் தேடி வருகிறவர் எப்படி வருகிறார் என்று யோசித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வரவில்லை. காலையில் மாடியில் நிற்கிறார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் தண்ணீர்க் குழாய். நேற்றுவரை நன்றாக இருந்த செடியில் இன்று ஏதோ ஒட்டியிருக்கிறது. செடி பிழைக்குமா, பக்கத்துத் தொட்டிக்கும் பரவுமா, வீட்டில் இருப்பதை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா? அவருக்கு வேண்டியவை இந்த மூன்றும்தான். "இயற்கையின் கொடையான செம்பருத்தி" என்று ஆரம்பித்தால் அடுத்த நொடி வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

நான் எழுத வந்தது 2009இல். அப்போது தமிழில் வலைப்பதிவு என்றால் திரட்டிகளின் காலம், அதாவது பலருடைய புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் பட்டியலிடும் தளங்களின் காலம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணத்தில் பதிவைச் சேர்த்துவிட்டால் அன்று மாலைக்குள் ஒரு கூட்டம் வந்து எட்டிப் பார்க்கும். முகப்பில் "சூடான இடுகைகள்" என்று ஒரு பகுதி உண்டு. அதில் இடம்பிடிக்கத் தலைப்பில் நெருப்பு வைப்பவர்கள் இருந்தார்கள். பதிவின் அடியில் வாசகர்கள் சொடுக்கி வாக்களிக்கும் பட்டைகள் தோரணமாகத் தொங்கும். நீங்கள் என் பதிவில் பின்னூட்டமிட்டால் நான் உங்கள் பதிவில் இட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்தக் காலத்தை நான் பழிக்கவே மாட்டேன். இன்றும் பேசிக்கொண்டிருக்கும் சில நட்புகள் அங்கே கிடைத்தவை.

ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பதிவர்கள். எழுதுகிறவர்களுக்காக எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டிருந்தோம். வெண்டைக்காய்க்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்கும் ஆள் அந்தக் கூட்டத்தில் குறைவு. பதிவு முகப்பிலிருந்து இறங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடும். பிறகு பேஸ்புக் வந்தது, பலர் அங்கே குடிபெயர்ந்தார்கள். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரும் 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. அதில் பதிவுகளைச் சேர்த்து வைத்துப் படித்துவந்தவர்கள் பலர் அத்துடன் தொலைந்தே போனார்கள். அந்த ஆண்டு என் கண் முன்னால் பல நல்ல பதிவுகள் பூட்டப்பட்டன. எழுத்து மோசமாகி அல்ல, வாசகர் வரும் வழி அடைபட்டு.

என் பக்கத்தில் மட்டும் ஒரு விசித்திரம். புதுப் பதிவுகளைச் சீண்ட ஆளில்லை. பழைய பதிவுகள் சிலவற்றுக்கு யார் யாரோ வந்துகொண்டே இருந்தார்கள். பதிவர் அல்லாதவர்கள், பின்னூட்டம் எழுதாதவர்கள், எனக்கு வாக்குப் போட வேண்டிய கடமை இல்லாதவர்கள். அந்தப் பதிவுகள் எவை என்று பார்த்தேன். எல்லாமே யாரோ எப்போதோ என்னிடம் நேரில் கேட்ட கேள்விக்கு எழுதிய பதில்கள்.

கேள்வி எங்கே கிடைக்கிறது

என்ன எழுதுவது என்று புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்கும்போது, நாற்றுப் பண்ணையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள் என்பேன். திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்த நர்சரிக்குப் போனாலும் கடைக்காரரிடம் ஆட்கள் கேட்பதை அப்படியே குறித்துக்கொள்ளலாம். ரோஜா வாங்கிய போது பூத்தது, வீட்டுக்கு வந்ததும் ஏன் நின்றுவிட்டது? கறிவேப்பிலை ஏன் குச்சியாகவே நிற்கிறது? முருங்கையைத் தொட்டியில் வைக்கலாமா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு பதிவு. கடைக்காரர் அவசரத்தில் சொல்லும் அரை பதிலை முழுப் பதிலாக்குவதுதான் நம் வேலை.

இன்னொரு இடம், கூகுளின் சர்ச் கன்சோல். இலவசம். உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடல்களில் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்று சொல்லும். பலர் இதில் சொடுக்கு எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் பார்ப்பது, காட்டப்பட்டும் சொடுக்கப்படாத தேடல்களை. அங்கேதான் பசியோடு வந்து திரும்பிப் போனவர்களின் வரிசை இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டு. தக்காளிப் பழத்தின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழுவதைப் பற்றி ஒரு பதிவு வைத்திருந்தேன். தலைப்பு "தக்காளியில் கால்சியம் பற்றாக்குறை". விவரம் சரியானதுதான். ஆனால் கால்சியம் பற்றாக்குறை என்று தெரிந்தவர் எதற்குத் தேடப் போகிறார்? தேடுகிறவருக்குத் தெரிந்தது அடி கறுத்திருப்பது மட்டும்தான். சர்ச் கன்சோலில் பார்த்தால் அடி, கறுப்பு, அழுகல், ஓட்டை என்றே தேடியிருந்தார்கள். பாதிப் பேர் பேசுகிறபடியே தட்டச்சு செய்திருந்தார்கள். தலைப்பைத் "தக்காளியின் அடி கறுத்து அழுகுகிறதா? உரத்தைவிட முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்" என்று மாற்றினேன். உள்ளே ஒரு வரியும் மாறவில்லை. அந்தப் பதிவு அதன் பிறகுதான் உயிர்பெற்றது.

உள்ளே இருந்த விவரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்கள் அந்தப் பதிவை நண்பர்களுக்கு அனுப்பியதற்கு அதுதான் காரணம். இந்தக் கோளாறு வந்ததும் முட்டை ஓட்டுத் தூளைப் போடச் சொல்லாத பக்கமே இல்லை. ஓட்டில் கால்சியம் இருப்பது உண்மை. அது மண்ணில் கரைந்து வேருக்குக் கிடைக்க நெடுநாள் ஆகும் என்பதும் உண்மை. அதற்குள் செடி காய்த்து முடித்துவிடும். பெரும்பாலான தொட்டிகளில் மண்ணில் கால்சியம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. தண்ணீரை ஒரே சீராகக் கொடுத்தால் அடுத்த கொத்துக் காய்கள் தேறும். ஊரெல்லாம் ஒன்றைச் சொல்லும்போது, ஏன் அது பாதிதான் சரி என்று காரணத்தோடு சொல்லும் பதிவை வாசகர் மறப்பதில்லை. வெறுமனே மறுப்பதற்காக மறுத்தால் அது வேறு கதை, அதையும் அவர்கள் மறப்பதில்லை.

தலைப்பும் முகவரியும்

தலைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகள் ஏராளம். அதில் அறுபது எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு நம்மவர்கள் எழுதுகிறார்கள். தேடல் முடிவுகளில் தலைப்பு வெட்டப்படுவது எழுத்து எண்ணிக்கையால் அல்ல, திரையில் பிடிக்கும் அகலத்தால். நம் "ணௌ"வும் "ஞை"யும் பிடிக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். தமிழ்த் தலைப்பு அவர்கள் சொல்லும் எண்ணிக்கைக்கு வெகுமுன்பே வெட்டுப்பட்டுவிடும். அதனால் செடியின் பெயரும் கோளாறும் முதல் நான்கு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். மீதி வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை. "மாடித்தோட்டம் அமைப்பவர்கள் தவறாமல் அறிந்துகொள்ள வேண்டிய" என்று தொடங்கும் தலைப்பில், அறிந்துகொள்ள வேண்டியது எது என்பதே வெட்டுப்பட்ட பக்கத்தில் போய்விடும்.

பக்க முகவரி இன்னொரு தொல்லை. கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாகரில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியில் அந்தத் தலைப்பு வராது. "பிளாக் போஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல்லும் ஏதோ ஓர் எண்ணும் வரும். என் முதல் சில ஆண்டுப் பதிவுகளின் முகவரிகள் எல்லாம் சிறைக்கைதிகளின் எண்களைப் போலத்தான் இருக்கும். அதற்கு அன்றைய பதிவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். முதலில் தலைப்பை ஆங்கில எழுத்தில் கொடுத்து வெளியிட்டுவிட்டு, உடனே திரும்பிப் போய்த் தமிழாக்கிவிடுவது. முகவரி முதலில் கொடுத்தபடியே நின்றுவிடும். பின்னாளில் முகவரியை நாமே எழுதிக்கொள்ளும் வசதி வந்தது, தந்திரம் ஓய்வுபெற்றது.

இன்னொரு வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸில் நேர்மாறு. தமிழ்த் தலைப்பு முகவரியிலும் தமிழாகவே வரும். பார்க்க அழகு. அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இரண்டு முழம் நீளும். காரணம், யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். ஆக, "க" என்ற ஓர் எழுத்து ஒன்பது எழுத்தாகிறது, இரண்டு குறியீடுகள் சேர்ந்த "கி" பதினெட்டாகிறது. இப்படி ஒரு முகவரி வந்தால் ஏமாற்றுக்காரர் அனுப்பிய இணைப்போ என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். என் சித்தியே தொட மறுத்தார். ஆகவே முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, செடியின் பெயரைத் தமிழ் உச்சரிப்பிலேயே எழுதிவிடுகிறேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தமிழைப் படிக்கத் தெரிந்தும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட மிக அதிகம். முகவரியிலும் படத்தின் கோப்புப் பெயரிலும் அந்த வடிவம் இருந்தால் அவர்களுக்கும் நம்மைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

உள்ளே வந்தவர் எப்படிப் படிக்கிறார்

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யேக்கப் நீல்சன் 1997இலேயே சோதித்துச் சொன்னார். இணையப் பக்கத்தைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுகிறவர்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். அது மேசைக் கணினிக் காலம். இன்று கைபேசியில் நிலைமை இதைவிட மேம்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

தமிழில் இது இன்னும் கடினம். நம் சொற்கள் நீளமானவை. கைபேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் பிடிக்கும். அச்சில் ஐந்து வரி வரும் பத்தி, போனில் திரை முழுவதையும் நிரப்பிவிடும். எனவே எழுதி முடித்ததும் கணினியில் படித்துத் திருப்திப்படுவதில்லை, போனில் திறந்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். வெயிலில், கண்ணாடி இல்லாமல், ஒரு கையால் தள்ளிக்கொண்டே படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். முடியாத இடத்தில் பத்தியை உடைப்பேன். அதற்காக ஒரு வாக்கியம் ஒரு பத்தி என்று தூவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படி எழுதினால் எது எதற்குக் காரணம் என்பதே தெரியாமல் போகும். பூச்சி மருந்து விஷயத்தில் அது ஆபத்தும்கூட.

"சிறிதளவு", "தேவையான அளவு", "அவ்வப்போது". இந்த மூன்றையும் என் பதிவுகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். வேப்பெண்ணெய் சிறிதளவு கலந்து அவ்வப்போது தெளிக்கவும் என்று எழுதினால், ஒருவர் கால் பாட்டிலைக் கவிழ்ப்பார், இன்னொருவர் நாலு சொட்டு விடுவார். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டி. எண்ணெய் தண்ணீரோடு சேராது, அதனால் சில சொட்டு சோப்புக் கரைசலை முதலில் எண்ணெயோடு கலந்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து மறுநாள் பாருங்கள்." இதில் அழகு இல்லை. ஆனால் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம் அக்கா என்று ஒருவர் எழுதினாரே, அந்த ஒரு வரிக்கு முன்னால் நான் வாங்கிய வாக்குகள் அத்தனையும் தூசு.

அளவோடு ஊரையும் சொல்ல வேண்டும். திருச்சி மே மாத வெயிலில் நான் பச்சை நிழல்வலை கட்டுவதைப் படித்துவிட்டு ஊட்டியில் ஒருவர் கட்டினால் அவர் செடிக்கு வெளிச்சமே கிடைக்காது. யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படிக்கிறார்கள். ஒவ்வொரு பதிவின் மேலேயும் எந்த ஊர், எந்த மாதம், எந்த அளவுத் தொட்டி என்று ஒரு வரி கொடுத்துவிடுகிறேன். தன் நிலைமைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். அவர் அறிவாளி. அந்த மரியாதையைக் கொடுத்தால் போதும்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொந்தப் படம், பகல் வெளிச்சம், பூச்சியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான வெளிநாட்டுத் தோட்டப் படத்தைப் போட்டால், இவர் வீட்டில் செடியே இல்லை என்று வாசகர் முடிவுசெய்துவிடுவார். பெரும்பாலும் அந்த முடிவு சரியாகவே இருக்கிறது.

ஒருமுறை வந்தவர் மறுபடி ஏன் வர வேண்டும்

வரவைப்பதைவிடத் தங்கவைப்பதில்தான் என் அனுபவம் ஊரார் சொல்வதிலிருந்து விலகுகிறது. வாரத்துக்கு இரண்டு பதிவு, தவறாமல் எழுது என்பார்கள். நான் பழைய பதிவுகளுக்குத் திரும்பிப் போகிறேன். புதிதாக ஒன்று எழுதும் நேரத்தில் பழையவை இரண்டைத் தொட்டுவிடலாம் என்றால், இரண்டையே தேர்ந்தெடுப்பேன்.

பப்பாளி மாவுப்பூச்சிப் பதிவு இதற்குச் சாட்சி. 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி அது. வெளிநாட்டிலிருந்து வந்தது. இங்கே அதைத் தின்னும் எதிரி இல்லாததால் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்தவர்கள் மறுபடி மறுபடி அடித்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் மரம் பட்ட பாட்டை எழுதியிருந்தேன். அப்போதைக்குச் செய்ய முடிந்தது, தண்ணீர் பீய்ச்சுவதும் மோசமான கிளைகளை வெட்டி எரிப்பதும்தான்.

2010இல் அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஏசரோபேகஸ் பப்பாயே என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்டார்கள். அது பரவப் பரவ மாவுப்பூச்சி அடங்கியது. நான் இதைப் புதுப் பதிவாக எழுதவில்லை. பழைய பதிவின் உச்சியில், தேதியிட்டு, "இப்போது நிலைமை இது, கடும் மருந்து அடித்தால் மாவுப்பூச்சியோடு குளவியும் சாகும், அடிக்காதீர்கள்" என்று சேர்த்தேன். அடுத்த பருவத்தில் எங்கள் மரம் எப்படி இருந்தது என்று இன்னொரு வரி. பிறகு படத்தோடு இன்னொன்று. பழைய வரிகளையும் அழிக்கவில்லை. முதலில் என்ன நினைத்தோம், பிறகு என்ன தெரிந்தது, இப்போது என்ன செய்கிறோம் என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் வந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கதை என்ன ஆயிற்று என்று அறியும் ஆவல் செடி விஷயத்திலும் மனிதர்களுக்கு உண்டு.

இதற்கு நேர் எதிர், "கைமேல் பலன்" வகைப் பதிவுகள். வாழைப்பழத் தோல் உரம் போட்டேன், பாருங்கள் என்று முதல் நாள் படம். பிறகு அந்தச் செடி பூத்ததா செத்ததா என்று யாருக்கும் தெரியாது. எழுதியவருக்கும் அக்கறை இல்லை.

அடுத்தது, ஒரு பதிவு முடியும் இடம். முடிவில் "தொடர்புடைய பதிவுகள்" என்று இயந்திரம் அடுக்கும் பட்டியலை எடுத்துவிட்டேன். வாசகர் மனத்தில் அந்த இடத்தில் எழும் அடுத்த கேள்வியை நானே ஒரு வரியில் எழுதி அதற்கு இணைப்பு கொடுக்கிறேன். மாவுப்பூச்சியைக் கழுவியவர் இரண்டு வாரத்தில் அது மறுபடி வருவதைப் பார்ப்பார். ஏன் வருகிறது? எறும்பு. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பான நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சிகளை விரட்டிவிடும். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அழிக்க முயன்றால் தீராது. ஆகவே "இரண்டு வாரத்தில் திரும்ப வந்தால், தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள்" என்று எழுதி எறும்புப் பதிவுக்கு வழிகாட்டினேன். அந்த இணைப்பைத் தொட்டுப் போகிறவர்கள் அநேகம். அன்றே அல்ல, சரியாக இரண்டு வாரம் கழித்து வந்து தொடுகிறவர்களும் உண்டு.

சில கேள்விகளுக்கு விடை "கிடையாது" என்பதுதான். வெண்டை இலையில் நரம்புகள் மஞ்சளாகி இலை முழுதும் வலை போட்டதுபோல் ஆகிவிட்டால் அது வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடிக்கு மருந்தில்லை. பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும், மற்ற செடிகளுக்கு மஞ்சள் ஒட்டும் பொறி வைக்கலாம், அடுத்த முறை நோய் தாங்கும் ரகத்தை விதைக்கலாம். இதைச் சொன்னால் வாசகர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, மோர்க் கரைசல் தெளித்துப் பாருங்கள் என்று மழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வருத்தத்தோடு எழுதியவர்கள் உண்டு. ஆனால் அடுத்த செடிக்கு ஏதாவது என்றால் அவர்கள் என்னிடம்தான் வந்தார்கள்.

மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் தனியாக வரும் கேள்விகளுக்குத் தனியாகப் பதில் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். பதிலைப் பதிவில் சேர்த்துவிட்டு இணைப்பை அனுப்புகிறேன். கேட்டவருக்கும் பதில் கிடைத்துவிடும், அதே கேள்வியோடு வரப்போகும் நூறு பேருக்கும் கிடைத்துவிடும். பெயர் போடாமல் "ஒரு வாசகர் கேட்டது" என்று எழுதினால் போதும். அதைப் பார்த்துத் தன் கேள்விதான் என்று கண்டுகொள்ளும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதற்காகவே திரும்ப வருவார்கள்.

எழுதும் நாளைப் பருவம்தான் தீர்மானிக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மண்ணுக்கு மட்டும் அல்ல, பதிவுக்கும் பொருந்தும். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். அதைப் பற்றிய தேடல்கள் ஜூன் பிற்பகுதியிலேயே ஏறத் தொடங்கிவிடும். ஆடி முதல் நாளன்று பதிவு போட்டால் விதை வாங்கி முடித்தவர்கள்தான் படிப்பார்கள். அந்த ஒரு பதிவை மே மாதக் கடைசியில் எடுத்து, போன ஆண்டு எந்த ரகம் ஏமாற்றியது, எது தேறியது என்று சேர்த்துத் தயாராக வைத்துவிடுகிறேன். மார்கழியில் பனி, மாசியில் அசுவினிப் பூச்சி, சித்திரையில் வெயிலில் இலை கருகல், ஐப்பசியில் தொட்டியில் நீர் தேங்குதல். ஆண்டு முழுவதற்கும் இப்படி ஒரு சக்கரம் இருக்கிறது. அதற்கிடையே எழுத ஒன்றும் இல்லை என்றால் எழுதாமல் இருப்பேன். எண்ணிக்கைக்காகப் போடும் பதிவை நாலு முறை படித்துவிட்ட வாசகர் ஐந்தாவது நல்ல பதிவையும் திறக்க மாட்டார்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது இந்தச் சக்கரமெல்லாம் குழம்பியது. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் மொட்டை மாடியைக் கண்டுபிடித்தார்கள். விதைக்கடை மூடியிருந்ததால், சமையலறையில் இருக்கும் தனியா, வெந்தயம், கடுகு, முளைத்த வெங்காயம், பழுத்த தக்காளி ஆகியவற்றை வைத்து என்ன வளர்க்கலாம் என்றே கேட்டார்கள். வெகுகாலத்துக்கு முன் எழுதிய வெந்தயக்கீரைப் பதிவு அன்று ஓடியதுபோல் வேறெதுவும் ஓடியதில்லை. அப்போது வந்தவர்களில் பெரும்பாலோர் கடை திறந்ததும் போய்விட்டார்கள், அது இயல்பு. இருந்தவர்கள் தொட்டியும் மண்ணும் வாங்கியவர்கள்.

காசைப் பற்றிச் சுருக்கமாக. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை முறையாக ஏற்றுக்கொண்டது 2018இல். அதன் வருமானத்தை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம், எனக்கு விதைச் செலவுக்கு ஆகிறது. பத்திக்குப் பத்தி விளம்பரம் வைத்துப் பார்த்தால் மாதக் கடைசியில் தொகை சற்று ஏறும். மாடியில் வெயிலில் நிற்பவர் விரல் தவறி விளம்பரத்தில் பட்டு எங்கோ போய்விடுவார், மறுபடி வர மாட்டார். நான் இரண்டோடு நிறுத்தியிருக்கிறேன். திரவ உரம் விற்கும் நிறுவனம் ஒன்று இலவசப் பாட்டில் அனுப்பி, நல்லபடியாக எழுதச் சொன்னது. ஒரு பருவம் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுவேன், நிறுவனம் கொடுத்தது என்பதையும் எழுதுவேன் என்றேன். பிறகு அவர்களிடமிருந்து பதில் இல்லை.

திருட்டைப் பற்றியும் கேட்பார்கள். நடக்கிறது. என் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றி எனக்கே வந்திருக்கின்றன, கடைசியில் "பகிருங்கள், விவசாயம் காப்போம்" என்ற வரியோடு. சண்டைக்குப் போனால் எழுத நேரம் இருக்காது. படத்தின் மூலையில் வலைப்பதிவின் பெயரைச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். வெட்டி எடுத்துக்கொண்டு போனவர்களால், அடுத்த பருவத்தில் நான் மேலே சேர்க்கும் வரியை எடுத்துக்கொண்டு போக முடிவதில்லை. மறுபடி திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. தேடினால் தேடுபொறியே மேலே ஒரு சுருக்க விடையைத் தந்துவிடுகிறது, கீழே இறங்கிப் பக்கத்தைத் திறக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லை. என் பதிவுகளிலும் இதன் அடி தெரிகிறது, ஆனால் ஒரே சீராக இல்லை. "கற்றாழையின் நன்மைகள்", "மண்புழு உரம் என்றால் என்ன" போன்றவை சரிந்துவிட்டன. எங்கும் கிடைக்கும் விவரத்தைத் தொகுத்து எழுதியவை அவை. பப்பாளி, தக்காளி அடி கறுப்பு, எறும்பு ஆகியவை அவ்வளவாகச் சரியவில்லை. தேதியிட்ட படமும், எந்த ஊர் மாடி என்ற வரியும், போன ஆண்டு என்ன ஆயிற்று என்ற தகவலும் சுருக்க விடையில் கிடைக்காததால், ஆட்கள் உள்ளே வந்து பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். எப்படியோ, "நன்மைகள்" வகைப் பதிவுகளை எழுதுவதை விட்டுவிட்டேன். பழையவற்றில் சொந்தச் சரக்கு இல்லாதவற்றைப் பார்த்துப் பார்த்து நீக்கிக்கொண்டும் வருகிறேன். அதில் நகர்ப்புற வேளாண்மைத் தொடரும் போகிறது. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.